பொடி மாற்றிய டப்பா

அன்பு மகன் அன்புவுக்கு, அம்மா சாராள் சொல்லச் சொல்ல உன் தங்கை ஏஞ்சல் எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு மில்லில் அடிபட்ட கை இன்னும் மடங்கவில்லை, ஏஞ்சல் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. எளாவூர் இம்மானுவேல் தோஹா திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், போனில் பேசினால் உன் பூவம்மாள் அத்தை காதில் விழும்.

உன் ரூம் நண்பருக்கு ஏஞ்சல் கம்பெனியில் செய்யும் சர்க்கரை வியாதிப் பொடி கேட்டிருந்தாய், அனுப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அத்தைக்கு வீட்டுக்கே வந்துகொண்டிருந்த கவர்மெண்ட் சர்க்கரை மாத்திரை இப்போதெல்லாம் பாதிதான் வருகிறது, கொண்டுவரும் கல்பனாவைக் கேட்டால் மேலே பணம் ஒதுக்கவில்லையாம் என்கிறாள். பாதி மாத்திரைக்குப் பாதி உயிர்தான் நிக்கும் என்று அத்தை கிண்டலடித்துவிட்டு அதையும் நிறுத்தினாள், கிறிஸ்துமஸுக்கு ஏஞ்சலுக்குக் கம்பெனி கொடுத்த பொடியைக் குடித்தாள். சர்க்கரை மடமடவென்று இறங்கியது, தெருவெல்லாம் பெருமை பேசினாள். பிறகு ஒரு காலை குழாயடியில் வேர்த்து, கை நடுங்கி, உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை இவ்வளவு இறங்கியிருக்கிறதே, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று சின்ன வயசு டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். "மருந்து ஒண்ணும் இல்ல நைனா" என்றாள் அத்தை. வெளியே வந்து ஏன் மறைத்தாய் என்றேன். "அது எங்க மருந்து? உணவுன்னு கவர்லயே போட்டுக்கீது, கவர்மெண்ட் நம்பரு வேற கீது" என்றாள்.

அதன் பிறகுதான் ஏஞ்சல் வாயைத் திறந்தாள். கம்பெனியில் சோதனைக்குப் பொடி எடுத்து அனுப்பிய பிறகு, பேர் போடாத மூட்டையிலிருந்து மாத்திரைத் தூள் மாதிரி எதையோ கலக்கிறார்களாம். மருந்து ஆபீசுக்குப் பேர் சொல்லாமல் போன் போட்டாள், உணவு என்று போட்டிருந்தால் எங்களிடம் வராது என்றார்கள். உணவு ஆபீசில் எந்தக் கம்பெனி, நீங்கள் யார் என்று கேட்டார்கள், பயந்து போனை வைத்துவிட்டாள். அத்தையிடம் சொன்னால் குழாயடிக்குத் தெரியும், பாதித் தெரு அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறது.

அதனால் அத்தைக்குத் தெரியாமல் அவள் பொடி டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு, வறுத்த கொள்ளு மாவை நிரப்பி வைத்தேன். இப்போது மயக்கம் இல்லை, ஆனால் சர்க்கரை ஏறுகிறது, கால் புண் ஆறவில்லை. கடையில் மாத்திரை வாங்கி வைத்தால், பொடி இருக்கும்போது இன்னாத்துக்கு என்று தள்ளுகிறாள். நீ சொன்னால் கேட்பாள், போன் போட்டு மாத்திரை போடச் சொல்லு.

இங்கே உன் தங்கை பேனாவை வைத்துவிட்டாள், இனி என் கையெழுத்து, கூட்டிப் படி. நேற்று அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பழைய பொடி வேலை செய்யல கண்ணு, கம்பெனிலேர்ந்து புதுசா ஒரு பாக்கெட் எட்தா" என்றாள். ஏஞ்சல் என் முகத்தைப் பார்த்தாள், மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாளே, சரி அத்தை என்று சொல்லிவிட்டாள்.

போனில் பொடி என்ற பேச்சே வேண்டாம், மாத்திரை என்று மட்டும் சொல்லு. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார்.

உன் அம்மா,
சாராள்