அரை வாட்

நைனாவுக்கு, புனேவிலிருந்து மகள் காவ்யா வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறு காலை நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வழக்கம்போல் ரேடியோவில், சொந்த செட் வைத்து ஒருவரோடொருவர் பேசும் நம் ஹாம் குழுவின் வாரக் கூட்டத்துக்கு வந்தேன். கூட்டத்தை நடத்தும் சித்தூர் விஷ்ணுவர்தன் சார், "புத்தூர் கோவர்த்தனன் காரு நம்மள விட்டுட்டுப் போய்ட்டாராம். மூணு வாரமா கூப்ட்டுக்கினே இருந்தோம், பதிலே இல்ல. போனும் போவல. ஒரு நிமிஷம் எல்லாரும் மைக்கக் கீழ வையுங்க" என்றார்.

உங்களைத்தான் சொன்னார். நானும் மைக்கை வைத்தேன். நம்பிவிட்டேன், நைனா! மூன்று வாரமும் உங்கள் பதில் வராதபோது, தோப்புக்குப் போயிருப்பீர்கள் என்று வீட்டுக்குப் போன்கூடச் செய்யாமல் விட்டவள் நான்.

யாரும் பேசாத அந்த ஒரு நிமிடத்தில், இரைச்சலுக்கு அடியில், கொசு சத்தம்போல மோர்ஸ் தந்திக் குறிகள் கேட்டன. உங்கள் கால்சைன், ரேடியோவில் உங்களுக்கென்றே உள்ள அடையாள எழுத்துகள். பிறகு, "இருக்கேன், இருக்கேன். அரை வாட்தான்."

குறைந்த பவரில் பேசும் போட்டிக்காக செட்டின் பவரை இறக்கியதை அப்படியேவா விட்டீர்கள்? அதனால்தான் மூன்று வாரமும் உங்கள் பதில் யார் காதிலும் விழவில்லை. "ஏத்திட்டா அதுல என்னா மஜா" என்பீர்கள். போட்டிதான் முடிந்துவிட்டதே, ஐந்து வாட்டாவது வையுங்கள். போனை ரிப்பேருக்குக் கொடுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் ஊறுகாய் அனுப்புங்கள்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. இது ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். அந்த மூன்று ஞாயிறும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குக் கேட்காத அந்த அரை வாட்டில் என் பெயரையும் கூப்பிட்டீர்களா?

காவ்யா