பால் வெளுக்கும் நேரத்து டீ

சிரிப்பு வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடும் என் மங்களம் அக்காவுக்கு,

நம் வலியசாலைத் தெருவில் எல்லாரும் சௌக்கியம். என் கட்டுரையைப் படித்துவிட்டு எதிர்வீட்டு மாமி, "உங்கக்கா மூளைல கால்வாசியாவது..." என்று பாதியில் நிறுத்துகிறாள். மீதியை நானே நிரப்பிக்கொள்கிறேன்.

முக்கியச் செய்தி உன் ஆய்வகத்தில். ரத்தப் பரிசோதனைக்காக நீ செய்துவந்த பிளாஸ்டிக் மணிகள், கண்ணுக்கே தெரியாத அந்த உருண்டைகள், நீ எங்களை விட்டுப் போனபின் பெரிதும் சிறிதுமாகவே வந்தன. ஒரே அளவில் இல்லாவிட்டால் பரிசோதனையை எப்படி நம்புவது? இன்னொரு தடவை தவறினால் வேலையையே நிறுத்திவிடுவார்களாம். உன் இத்தனை வருஷத்து உழைப்பு!

உன்னிடம் வேலை பழகி, இப்போது உன் இடத்தில் நிற்கும் ஷீபா என்னிடம் வந்து புலம்பினாள். வேதியியலில் உப்போடு நின்றுவிட்டவனிடம்! அளவும் சூடும் நீ சொல்லிக்கொடுத்தபடிதானாம். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டம். ஆல்கஹாலில் தெளிவாகக் கரைந்திருக்கும் ஸ்டைரீன், அதாவது பிளாஸ்டிக்காக மாறப்போகும் அந்தத் திரவம், சூட்டில் பால்போல வெளுக்கத் தொடங்குமே, அது. அப்போதுதானே எனக்கு போன் வரும்: "வெளுத்துடுத்துடா, டீக்கு வா." கண்ணாடிக் கதவுக்கு வெளியே வராந்தாவில் எல்லாரையும் உட்காரவைத்து, ஒரு கண்ணைக் கலத்தின் மேல் வைத்தபடி என் வம்பைக் கேட்பாய்.

இப்போது அந்த நேரத்தில் என்ன செய்கிறாய் என்று ஷீபாவைக் கேட்டேன். உன்னிடம் கற்ற தமிழில் தன் மலையாளத்தைக் கலந்து சொன்னாள்: "பயம் சேட்டா. மூடி திறந்து திறந்து சாம்பிள் எடுத்து நோக்குவேன். டீ நிறுத்தியாச்சு. அக்கா இல்லாம எங்ஙன டீ குடிக்கறது?"

சொல்லி முடித்ததும் அவளே நெற்றியில் அடித்துக்கொண்டாள். மணிகள் பிறக்கும் நேரத்தில் காற்று புகுந்தால் முதலில் பிறந்தவை வளராமல் நிற்குமாம். பிறகு புதிய சிறுசுகள் முளைக்குமாம். படித்ததுதான். பயத்தில் கை கேட்கவில்லை.

அடுத்த தடவை நானும் போனேன். வெளுத்ததும் வெளியே டீ. ஷீபா கதவுப் பக்கம் எழும்போதெல்லாம், மேடையில் என் வேட்டி அவிழ்ந்த கதையில் இன்னொரு முடிச்சைச் சேர்த்தேன். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். ஒன்றைப்போலவே இன்னொன்று, தேனடையாக அடுக்கி நின்றன, அக்கா. வேலை தொடர்கிறது.

ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டிய நேரத்தை அறிந்தவள் நீ. அத்தனை பேரின் பரபரத்த கைகளிலும் டம்ளரைக் கொடுத்துக் கட்டிப்போட்டாய். என் வம்பை நிஜமாகவே ரசித்தாயா, இல்லை அதுவும் ஒரு கயிறுதானா?

எதுவானாலும் சரி. இனி ஒவ்வொரு தடவை வெளுக்கும்போதும் அந்த வராந்தாவில் இருப்பேன். என் மானம் தீரும்வரை கதைக்குப் பஞ்சமில்லை.

உன் வாயாடித் தம்பி,
கிச்சா