வெங்காயத்தாள் தொட்டி

மார்ச் 4
மாப்பிள்ளை இன்றைக்கும் கொத்தமல்லித் தொட்டியை மொட்டையடித்துவிட்டான். மாப்பிள்ளை என்பது நாய். என் வீட்டுக்காரர் வைத்த பெயர். “உட்கார்ந்த இடத்துக்குச் சோறு கேக்கிறானே, வேற என்னன்னு கூப்பிட?” என்பார். பெயர் வைத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நட்ட செடிகளும் இந்த நாயும் என் தலையில்.

மார்ச் 5
இதெல்லாம் நாய் தின்னலாமா, கூடாதா? மகளுக்குப் போன் போட்டேன். “அம்மா, புதினா கூடவே கூடாதாம்.” கீழ்வீட்டுத் தையல்காரியோ, “அட போக்கா, பூண்டே குடு, வயித்துப் பூச்சியெல்லாம் விழுந்துடும்” என்கிறாள். ஆளுக்கு ஒன்று. நான் படித்தது ஐந்தாவது. யாரை நம்ப?

மார்ச் 6
பூண்டு கொடுக்கவில்லை. மனசு வரவில்லை.

மார்ச் 9
நாய் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்னப் பெண். நான் கேட்டதற்குச் சிரிக்கவில்லை, அதுவே பெரிசு. “கொத்தமல்லி, புதினா கொஞ்சமா தின்னா ஒண்ணும் ஆகாதும்மா. வெங்காயம், பூண்டு, அதோட தாள் எதுவும் வேண்டாம். சமைச்சாலும் அதே கதைதான். ரத்தத்தைக் கெடுத்துடும்.” வீட்டில் வெங்காயத்தாள் இருக்கிறதா என்றாள். இருக்கு என்றேன். “எடுத்துடுங்க.”
சொல்வது சுலபம். அது அவர் கடைசியாக நட்டது. வெட்ட வெட்ட வளர்கிறது — அவர் கை இன்னும் வேலை செய்கிற மாதிரி.

மார்ச் 10
தொட்டியைத் துணி துவைக்கிற மெஷின் மேல் தூக்கி வைத்தேன். எட்டட்டும், பார்க்கலாம்.

மார்ச் 12
எட்டிவிட்டான்! வாளியைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தது நான்தானே, அதில் ஏறி — சனியனே, உனக்கு வேற எதுவுமே கிடைக்கலையாடா? வாய்க்குள் கையை விட்டுப் பிடுங்கினேன். உள்ளே எவ்வளவு போனதோ. டாக்டரம்மா உடனே வரச் சொல்லி வாந்தி எடுக்க வைத்தாள். “சில நாள் கழிச்சும் தெரியலாம். ஈறு வெளுக்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க.”
மகள் வேறு. “பேசாம யாருக்காவது குடுத்துடும்மா.” அப்பா சட்டையைக் கொடு, செருப்பைக் கொடு, இப்போது நாயைக் கொடு. என்னை யாருக்குடி குடுக்கப்போறே?

மார்ச் 14
ஈறு வெளுக்கவில்லை. நான் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதால், என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறான்.

மார்ச் 18
ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தப்பித்தான்.

மார்ச் 19
தாளை வேரோடு பிடுங்கினேன். குப்பையில் போட முடியவில்லை. பொடியாக அரிந்து, முட்டையோடு வதக்கி, மிச்சம் வைக்காமல் நானே சாப்பிட்டேன். மாப்பிள்ளை வெளியே நின்று கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். சட்டியைத் தேய்த்து, கையும் வாயும் கழுவிவிட்டுத் திறந்தேன்.