குப்பை மூலையில் ஒரு சுழல் நாற்காலி

அக்கா,

நேற்று எலெக்ட்ரானிக் சிட்டியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது லிஃப்டில் தவறான பொத்தானை அழுத்தி, அடித்தளத்தில் குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கும் அறைக்கு எதிரே போய் நின்றேன். கதவு திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. மூன்று நாள் பழைய வாழை இலை, புளித்த சாம்பார், நனைந்த அட்டைப்பெட்டி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காவலாளி ஓடிவந்து புகார்ப் புத்தகத்தை நீட்டினார். "அதெல்லாம் வேணாம்பா, தெரிஞ்சவங்க ஒருத்தங்க ஞாபகம் வந்துடுச்சு" என்றேன். அவர் என்னை வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

போய்ச் சேர்ந்தவர்களை மல்லிகை, சந்தனம், காபி என்று மரியாதையான வாசனைகளோடு நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் எனக்கு வாய்த்தது இது. நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். "சரியாத்தான் ஞாபகம் வெச்சிருக்கே" என்பீர்கள்.

மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது நீங்கள் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர், அண்ணன்தான் இருபது வருடமாகக் கட்சியில் இருந்தவர். அவர் நிற்க முடியாது என்றானதும் உங்களை நிற்க வைத்தார்கள். சுவரொட்டியில் அவர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். நீங்கள் மூலையில் ஒரு தபால்தலை அளவுக்கு இருந்தீர்கள். அவருக்கு ஓட்டுப் போடுவதாக நினைத்து உங்களுக்குப் போட்டவர்கள் எங்கள் தெருவில் பாதிப்பேர். நானும் அதில் சேர்த்தி. நீங்கள் ஜெயித்த வாரமே அவர் விசிட்டிங் கார்டு அடித்துவிட்டார். பெயருக்குக் கீழே, தடித்த எழுத்தில், 'கார்ப்பரேட்டரின் கணவர்'.

வார்டு ஆபீசுக்கு முதல்முறை போன நாளைப் பற்றி நீங்கள் சொல்லி எத்தனை தடவை சிரித்திருப்போம்! உங்களுக்கென்று வாங்கிப் போட்ட சுழல் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சுற்றி அவருடைய சிநேகிதர்கள் ஐந்தாறு பேர். நீங்கள் உள்ளே நுழைந்ததும் அவர்களில் ஒருவர், "வாங்க மேடம், நாங்க மீட்டிங்ல இருக்கோம். அஞ்சு காபி சொல்லிடுறீங்களா?" என்றாராம். நீங்கள் காபி சொன்னீர்கள். காபி வந்தது. அதை வாங்க அண்ணன் எழுந்து நின்றார். அந்த ஒரு நிமிடத்தில் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நீங்கள் வாசலைத் தாண்டிவிட்டீர்கள்.

நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது வசதியாகப் போயிற்று. அது கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு தெருவில் உருண்டுபோனதை டீக்கடைக்காரர் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார். நீங்கள் அதை நிறுத்திய இடம் அங்கன்வாடிச் சுவரை ஒட்டிய குப்பை மூலை.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. நாலு தெருக் குப்பையும் அங்கேதான் வந்து விழும். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கு. மூன்று மாதத்தில் மூலை சுத்தமாகாவிட்டால் அங்கன்வாடியை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. வீட்டு வேலைக்கும் கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்கும் போகும் அம்மாக்களுக்குப் பிள்ளைகளை விட வேறு இடம் கிடையாது. அதற்குமுன் அங்கே சாமி படம் ஒட்டிப் பார்த்தார்கள், கோலம் போட்டுப் பார்த்தார்கள். கோலத்துக்கு மேலேயே கொட்டினோம்.

கொட்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஸ்கூட்டர் கொக்கியில் சாப்பாட்டுப் பையும் அதன் பக்கத்தில் கறுப்புக் கவருமாக நான் வந்தேன். வண்டியை நிறுத்தாமலே வீசிவிட்டுப் போவதில் எனக்கு நல்ல பழக்கம். வீசக் கையை ஓங்கிய பிறகுதான் குப்பைக்கு நடுவில் நாற்காலியும் அதில் நீங்களும் இருப்பது தெரிந்தது.

"கவர்ல இன்னா கண்ணு?"

"சாப்பாடு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப தெற. நானும் இன்னும் சாப்புடல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. குப்பை அள்ளும் கச வண்டி எங்கள் தெருவுக்கு ஒன்பதரைக்குத்தான் வருகிறது, நான் எட்டு மணிக்குக் கிளம்பினால்தான் ஆபீசில் கையெழுத்துப் போட முடியும், நான் என்ன செய்யட்டும் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். நீங்கள் திட்டுவீர்கள், அபராதம் போடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். மடியில் இருந்த பிளவுஸ் அளவு எழுதும் நோட்டைப் புரட்டி, "பேரு?" என்றீர்கள். விமலா என்றேன். 'விமலா, ஒம்போதரை வண்டி' என்று எழுதிக்கொண்டீர்கள்.

"விமலா, ஒரு பத்து நிமிசம் இங்க உக்காரு. அவசரமா பாத்ரூம் போவணும். யாராவது வந்தா பேரையும் காரணத்தையும் எழுதிக்கோ. அவ்ளோதான், சண்டை போடாத."

ஆபீசுக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். குற்றவாளியையே காவலுக்கு வைத்துவிட்டுப் போன ஆள் உங்களைத் தவிர வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே ஒருவர்தான் வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு கையிலும் இரண்டு கவர், அதில் காபிக் கப்புகளும் பிரியாணிப் பொட்டலங்களும் பிதுங்கிக்கொண்டு. வார்டு ஆபீஸ் குப்பை. என்னைப் பார்த்ததும் அதட்டலாக, "யாருமா நீ? நான் கார்ப்பரேட்டர் வீட்டுக்காரர்" என்றார்.

"தெரியும் சார். பேரு எழுதிட்டேன். காரணம் சொல்லுங்க."

அண்ணன் கவர்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதற்குள் நீங்கள் திரும்பி வந்து, நோட்டை எட்டிப் பார்த்தீர்கள். "இன்னாங்க, காரணத்தைச் சொல்லுங்க. விமலா ஆபீசுக்குப் போவணும்." இரண்டு கவரையும் தூக்கிக்கொண்டு அவர் வந்த வழியே நடந்தார். அதைப் பார்த்துத் தெருவே பேசிக்கொண்டது. புருஷனையே விடாதவள் நம்மை எங்கே விடப்போகிறாள் என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது.

என்னுடைய பத்து நிமிடம் மூன்று மாதமாக நீண்டது. தினமும் ஏழரைக்கு வந்து உங்களை விடுவித்துவிட்டு, எட்டுக்கு ஆபீஸ் கிளம்புவேன். நோட்டு நிரம்ப நிரம்ப ஒரு விஷயம் தெரிந்தது. பாதிப்பேருடைய காரணம் என்னுடைய காரணம்தான். நீங்கள் அந்த நோட்டோடு மாநகராட்சி ஆபீசில் போய் உட்கார்ந்து, கச வண்டியை ஆறரைக்கு வர வைத்தீர்கள். அந்த வாரமே குப்பை மலை பாதியாகக் குறைந்தது. வார்டு மக்களும் தண்ணீர், தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று எல்லாவற்றுக்கும் அங்கேயே வர ஆரம்பித்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்ல வேண்டியிருந்ததால் எல்லோரும் சுருக்கமாகச் சொன்னார்கள். "ஆபீஸா இருந்தா ஒரு மணி நேரம் பேசுவானுங்க" என்று நீங்கள் மகிழ்ந்தீர்கள்.

மீதிப் பாதி மலை எங்கிருந்து வருகிறது என்றுதான் புரியவில்லை. அது தலைவர் வந்த அன்றைக்குப் புரிந்தது.

கட்சியின் வட்டாரத் தலைவர். கார்ப்பரேட்டர் குப்பையில் உட்கார்ந்திருப்பது கட்சிக்குக் கேவலம் என்று மூன்று முறை ஆள் அனுப்பினார். "அவரையே வந்து சொல்லச் சொல்லு" என்று அனுப்பிவிட்டீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை அவரே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ. "ஏம்மா, ஒரு பொம்பள இப்படி நடுத்தெருவுல..." என்று அவர் ஆரம்பித்தபோது, ஒரு டிராக்டர் நிறைய எச்சில் இலையோடு சந்துக்குள் நுழைந்தது. ஓட்டிவந்தவர் தலைவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இறங்கி ஓடிவந்தார்.

"நமஸ்கார சார்! நம்ம கல்யாண மண்டபத்து எலைதான் சார். இந்தம்மா எழுந்து போனப்புறம் கொட்டுனா போதும்னு உங்க மச்சான் சொல்லியிருக்காரு. இன்னிக்குக் கொஞ்சம் பேகா, சீக்கிரமாவே வந்துட்டேன்."

நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து அதைத் தலைவர் பக்கம் திருப்பினீர்கள்.

"உக்காருங்க சார். ரெண்டே கேள்வி. பேரு எனக்கே தெரியும். காரணத்தை மட்டும் சொல்லிடுங்க."

"வண்டியத் திருப்புடா!" என்று தலைவர் ஓட்டுநர்மேல் பாய்ந்தார். அந்தச் சந்தில் டிராக்டர் திரும்பாது என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னாலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. "ரைட்டு... ரைட்டு... லெஃப்ட்ல ஒடி!" என்று தலைவரே கை காட்டிக்கொண்டு சேற்றில் பின்னால் நடந்தார். இருபது நிமிடம். சந்து முனையை அடைந்தபோது அவருடைய ஷூ எந்த நிறம் என்று சொல்ல முடியவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை. நான்தான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அங்கன்வாடி அங்கேயே இருக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார்கள். பல வருடமாக ஆணியடித்து மூடியிருந்த ஜன்னலை அங்கன்வாடி ஆயா அன்றைக்குத் திறந்தார். உள்ளேயிருந்து இருபது பிள்ளைகள் உங்களைப் பார்த்துக் கத்தின. அப்போதுதான் நீங்கள் அழுதீர்கள். "தூசி விழுந்துடுச்சு" என்றீர்கள். நானும் நம்பிக்கொண்டேன்.

அடுத்த தேர்தலில் வார்டு பொதுவானது. தலைவர் தன் மச்சானுக்கே சீட்டுக் கொடுத்தார். மண்டபத்து மச்சான். அந்த மாலை உங்கள் கடையில், ஊசியில் நூல் கோத்தபடி, "சுயேச்சையா நின்னு பாக்கட்டுமா விமலா?" என்று கேட்டீர்கள். "எதுக்குக்கா வம்பு" என்றேன். அதற்குமேல் நீங்கள் கேட்கவில்லை. மச்சான் ஜெயித்தார். நீங்கள் நின்றிருந்தால் தோற்றும் இருக்கலாம். ஆனாலும் அன்றைக்கு நான் வேறு பதில் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான், அக்கா. இப்போது சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் இருந்தது இரண்டே நாள். மூச்சு வாங்கும்போதும், ஆஸ்பத்திரி வார்டு கழிவறையில் விளக்கு எரியவில்லை என்று நர்ஸைக் கூப்பிட்டுப் புகார் எழுத வைத்தீர்கள். உங்களை வீட்டுக்குக் கொண்டுபோக நாங்கள் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் ஏணியோடு வந்து பல்பு மாட்டினார். அண்ணன் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சில வருடங்களாக எங்களுக்குக் கார்ப்பரேட்டரே கிடையாது. தேர்தல் வரும் வரும் என்கிறார்கள். போன மாதம் ஒரு காலை அண்ணன் என் வீட்டு கேட்டருகே தயங்கிக்கொண்டு நின்றார். "விமலா மேடம், எங்க தெருவுல அஞ்சு நாளா தண்ணி வரல. யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார். ஒரு காலத்தில் கார்டு அடித்துக் கொடுத்தவர். செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

குடிநீர் அலுவலகத்தில் என்ஜினியர் தம்பி கணினியைப் பார்த்தபடியே, "நீங்க அந்தத் தெருவா மேடம்?" என்றார்.

"இல்ல. அடுத்த தெரு."

"அப்ப உங்களுக்கு இதுல என்ன?"

"தண்ணி எப்ப வரும்னு சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடுறேன்."

"பாக்கறோம் மேடம். நீங்க கிளம்புங்க."

நான் அங்கேயே நின்றேன். எனக்கு முழங்கால் வலி உண்டு, ஆபீஸ் கவலை இல்லை, ஓய்வு பெற்றாயிற்று. பத்து நிமிடம் போயிற்று. பின்னால் வரிசை நீண்டது. என்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தைரியம் என்னுடையது இல்லை அக்கா, என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணன் கவுண்டரில் குனிந்து, மிகவும் பணிவாக அவரிடம் சொன்னார்:

"சொல்லிடுங்க தம்பி. இவங்க போவ மாட்டாங்க. எனக்கு அனுபவம் இருக்கு."