மேட்டில் மட்டும் வரும் சத்தம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேலயே இருக்கு, சூடு பண்ணிக்குங்க. உங்க அக்கா பாத்திரம் கேட்டு வந்தா ஜன்னல்கிட்ட இருக்கு, எடுத்துக் குடுங்க. வேனை விட்டுட்டு, சின்ன சலவை மூட்டையோட பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

நேத்து வேனை வாசல்ல நிறுத்தி, இன்ஜின்ல பொறி விழற நேரம் பாக்கற டைமிங் லைட்டைப் பிடிச்சுப் பாத்துட்டு, "கோடு சரியா நிக்குது, சத்தமெல்லாம் உன் பிரமை"ன்னு கையைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டீங்க. நின்ன இடத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கும். சலவை மூட்டை அத்தனையும் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி மேட்டுல மிதிச்சா, தகர டப்பாவுல ஆணியைப் போட்டு உலுக்கற மாதிரி சத்தம் வருது. காலை எடுத்தா அடங்கிடுது. ஓடும்போது பொறி முந்திக்குதோ என்னவோ, அது உங்க வேலை.

பட்டறைக்கு யார் வந்தாலும், அவங்களை ஓட்டச் சொல்லி, பக்கத்துல உக்காந்து ஒரு சுத்து போயிட்டு வந்துதான் ஸ்பானரையே தொடுவீங்களாம். உங்க தம்பி பெருமையா சொன்னாரு. என் வண்டிக்கு மட்டும் வாசலோட சரி.

சாவி கதவுக்குப் பின்னால. தனியா ஓட்டிப் பாக்காதீங்க, வெறும் வண்டியில சத்தம் வராது. மத்தியானம் வந்து மூட்டையை ஏத்தறேன். இன்னிக்கு உங்களுக்கு லீவுதானே.

இன்னொண்ணு. வேன்ல ரேடியோ கெட்டு ரொம்ப நாளாச்சு. அதனாலதான் இந்தச் சத்தமே என் காதுல விழுந்துச்சு. பேச ஆளில்லாத வண்டியில வேற என்னத்தைக் கேக்கறது.

பக்கத்து சீட்டுல இன்னிக்கு மூட்டை வைக்க மாட்டேன்.