கொட்டாய்க்குள் ஒளிந்திருந்த வீடு

அன்புள்ள அப்பாவுக்கு, வெண்ணிலா வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முட்டிவலி தேவலையா? மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கிலாந்தின் இந்தக் கடலோரக் கிராமத்தில் பழைய கட்டடங்களை அளந்து பதிவு செய்கிறோம் அல்லவா? செவ்வாயன்று மார்கரெட் என்ற அம்மாவின் மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். மறுநாள் அதை இடிப்பதாக இருந்தது. பரணில் ஏறியபோது பலகை உடைந்து என் ஒரு கால் உள்ளே இறங்கிவிட்டது. லேசான சிராய்ப்புதான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அந்த ஓட்டையில் டார்ச் அடித்தால், பலகைச் சுவருக்குப் பின்னால் சமைக்கவும் குளிர்காயவும் ஆள் உயரத்துக்குக் கட்டிய கல் அடுப்பு, புகைக்கரி அப்படியே இருக்கிறது! மாட்டுக்கு யார் அப்பா அடுப்பு கட்டுவார்கள்?

சந்தோஷத்தில் தமிழிலேயே கத்திவிட்டேன். “இது கொட்டாய் இல்லீங்க, வூடுங்க! இடிச்சிராதீங்க!”

மார்கரெட்டுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஏணியில் ஏறி வந்து எட்டிப் பார்த்தவர், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மறுநாள் இடிக்க வர இருந்தவர்களை அன்று மாலையே வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். நானூறு வருடத்துக்கு முன் இந்தக் கரையில் குடியேறிய மீனவர் வீடாக இருக்கலாம் என்கிறார் எங்கள் மேலாளர்.

அடுத்து அனுப்பும் பார்சலில் ராகி மாவு வையுங்கள். காரிமங்கலம் சந்தைக்குப் போகும்போது எனக்குப் போன் போட்டு, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடங்கள். பேச வேண்டாம், சந்தைச் சத்தத்தைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
வெண்ணிலா