வெல்டரின் மச்சான்கள்

என் வீட்டு மகாராணிக்கு, இரும்புக் கட்டிலின் மேல்தட்டை ஆளும் சக்கரவர்த்தி எழுதுவது. நான் மலைபோல நலம். உன் முழங்கால் வலி எப்படி? பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா?

வேலையிடத்தில் சாரம் சரிந்த சேதி அங்கே வந்திருக்கும். பயப்படாதே, நான் அப்போது சாப்பாட்டு வரிசையில் முதல் ஆள். எங்கள் அறை வெல்டரும் இன்னும் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை யாரும் வெளியேறக் கூடாதென்று கேம்ப் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எங்கள்மேல் அவ்வளவு பாசம்!

வெல்டரைக் கடைசியாகப் பார்க்க உறவுக்காரர் மட்டும் போகலாமாம். நாங்கள் அவனை மச்சான் என்றுதானே கூப்பிடுவோம்? “நான் மச்சான்” என்று எழுந்தேன். என் பின்னால் கட்டடமே எழுந்தது, “நானும் மச்சான் சார்!”

சூப்பர்வைசர் முறைத்தார். “ஒருத்தனுக்கு எத்தனை பொண்டாட்டிய்யா?”

“ஒண்ணுதான் சார். அந்தப் பொண்ணுக்கு அண்ணன் தம்பி ஜாஸ்தி.”

ஒருவரையும் விடவில்லை. அவன் பெட்டி ஏறிய வண்டியைக் கம்பிக்குள் நின்றே பார்த்தோம்.

தலைவலித் தைலம் ஒரு டஜன் அனுப்பு, அறைக்கே தூக்கமில்லை. விளக்கை அணைக்கப் போகிறார்கள். வெல்டர் வீட்டுக்கு நாளைக்கே போ. “உன் அண்ணன் தம்பிகளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், அதனால்தான் அவர் தனியாக வருகிறார்” என்று அந்தப் பெண்ணிடம் சொல்.

உன் புருஷன்.